பன்னிரண்டாவது கடல்

காலை ஆறு பத்து. பன்னிரண்டாவது கடல். சந்தியாகு தாளின் நான்கு ஓரங்களிலும் டேப்பை அழுத்தி ஒட்டினார். பலகையின் மேல்பக்கத்துக்கு அடியில் ஒரு செங்கல்லை வைத்துச் சாய்வு கொடுத்தார். பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கினார். ஏழு மணிக்கு வண்டி வந்துவிடும். திருநெல்வேலிக்கு ஒரு மணி நேரம், ஆஸ்பத்திரியில் டோக்கன், கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது, அப்புறம் அந்த இயந்திரம். மோவாயை அதில் பதித்து ஒரு பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணின் பின்புறம் வரைக்கும் படம் எடுத்துவிடும். இடது கண்ணில் மாதத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி போட்டாயிற்று. பலித்ததா இல்லையா என்பது இன்றைக்குத் தெரியும். பலிக்காவிட்டால் இடது கண்ணின் நடுப்பார்வை அவ்வளவுதான். ஓரப்பார்வை இருக்கும், ஆளை இடிக்காமல் நடக்கலாம், எதிரே வருகிறவரின் காது தெரியும், முகம் தெரியாது. வலது கண்ணிலும் இது வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வரும் என்று சொல்லவில்லை. வராது என்றும் சொல்லவில்லை. வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கதவு நிலையைப் பார்த்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனதிலிருந்து அவர் அதைச் செய்யவில்லை. இயந்திரம் சொல்லட்டும். டாக்டர் சொல்லட்டும். தானாகப் பார்த்துப் பயந்துகொள்வதில் என்ன இருக்கிறது. இந்தத் தீர்மானத்தோடுதான் ஐந்து மணிக்கே எழுந்தார், பல் துலக்கும்போது கண்ணாடியில் இரண்டு கண்ணையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டார், ஒரு கண்ணில் சோப்பு பட்டால்கூட இன்னொன்றையும் சேர்த்து மூடினார். இப்போது தாள் ஈரமாகிவிட்டது. ஈரமான பிறகு கடலை நிறுத்த முடியாது. அது ஒரு நல்ல விஷயம். கண்ணைப் பற்றி நினைக்க நேரம் இருக்காது என்று நினைத்துக்கொண்டு, கண்ணைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார்.

டேப்லெட்டில் ஓடும் ஓவிய வீடியோவில் ஆலன் பேசிக்கொண்டிருந்தார். எந்த நாடு என்று சந்தியாகுவுக்கு இன்றுவரை தெரியாது. குளிர் நாடு, ஜன்னலுக்கு வெளியே எப்போதும் மழை, ஸ்வெட்டரின் முழங்கையில் ஓட்டை. பேசுவது இங்கிலீஷ். கீழே தமிழில் எழுத்து ஓடும், அதை யாரும் மனிதர் எழுதவில்லை, இயந்திரமே எழுதுகிறது, நிறம் பரப்பும் 'வாஷ்' அதற்குக் கழுவுவதுதான், ஆகவே ஆலன் அடிக்கடி 'இப்போது வானத்தைக் கழுவுங்கள்' என்பார். முதல் நாள் சந்தியாகு சிரித்தார். பிறகு பழகிவிட்டது, வானத்தைக் கழுவினார், கடலைக் கழுவினார். மகன் மஸ்கட்டிலிருந்து டேப்லெட்டை அனுப்பியது பேரப்பிள்ளைகளைப் பார்த்துப் பேசுவதற்கு. இவர் அதில் தேடியது வேறு. கூடத்துச் சுவரில் ஓதம் ஏறி ஒரு படை விழுந்திருந்தது, அதை எப்படிப் போக்குவது என்று தேடினார். சுவரில் ஈரம் பரவுவதைப் பற்றிக் கேட்டால் தாளில் ஈரம் பரவுவதைக் காட்டியது. ஒரு ஸ்வெட்டர்க்காரர் ஈரத்தாளில் நீலத்தைத் தொட்டு வைத்தார். நீலம் அவரைக் கேட்காமல் தானாக நடந்து போய் மேகத்தின் விளிம்பில் நின்றது. சந்தியாகு அதை மூன்று தடவை பார்த்தார். துறைமுகத்தின் கட்டுமானப் பிரிவில் முப்பது வருடங்களுக்கு மேல் டிராப்ட்ஸ்மேன். அவர் போட்ட ஒரு கோடும் அவரைக் கேட்காமல் நடந்து போனதில்லை. டீ ஸ்கொயர் ஸ்கேலை மேசை விளிம்பில் அண்டக் கொடுத்து, மூச்சை அடக்கி, மைப்பேனாவை ஒரே சீராக இழுக்க வேண்டும். மூச்சு விட்டால் கோடு தடிக்கும். எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் சதாசிவம் வரைபடத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார், எங்கேயாவது பிளேடால் சுரண்டியிருந்தால், 'என்ன சந்தியாகு, இந்த இடத்தில தும்மினீரோ?' என்பார். ஆலன் நேர்மாறாகச் சொல்கிறார், மூச்சை விடுங்கள், விட்டுக்கொண்டே இழுங்கள், கோடு கொஞ்சம் தடுமாறினால் அது உங்கள் கோடு. அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதருக்கு மூச்சு விடலாம் என்று ஒருவர் அனுமதி கொடுத்தார். முகம் தெரியும், ஊர் தெரியாது. சந்தியாகு என்று ஒருத்தன் இருப்பது அவருக்குத் தெரியாது. அவரை நினைத்தால் நெஞ்சுக்குள் ஒரு இதம் வருகிறது. இதை மனைவி அமலோற்பவத்திடம் சொல்ல முடியாது. சொன்னால், 'வெள்ளக்காரனுக்கு ஒரு மெழுகுதிரி ஏத்திருவோமா?' என்பாள். ஏற்றினாலும் தகும்.

கடலின் மேல் விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். பிரஷ்ஷில் நிறைய நிறம், இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு, அதன் கீழ் ஓரத்தில் நீர் ஒரு வரம்பு போலத் தேங்கி நிற்கும், அடுத்த இழுப்பு அந்த வரம்பைத் தொட்டுக் கீழே இறக்கிக்கொண்டு வரும். மேலே திரும்பிப் போகக் கூடாது. போனால் காலிபிளவர் மாதிரிப் பூத்துவிடும். முதல் மூன்று கடல்களும் காலிபிளவர்தான். ஆலன் பத்து நிமிடத்தில் காயும் என்கிறார், அவர் ஊரில் காயும், தூத்துக்குடியின் கடற்காற்றில் அரை மணி நேரம் ஆனாலும் தாள் ஊமை மாதிரி ஜில்லென்று கிடக்கும், காய்ந்தது போல முகம் காட்டும், நம்பிப் பிரஷ்ஷை வைத்தால் பூக்கும். நாலாவது கடலில் அலையின் நுரைக்கு உப்புத் தூவச் சொன்னார். அமலம், கொஞ்சம் உப்பு கொடு என்றார். 'படத்துக்கா? என்ன, ருசி பாக்கப் போறீயளா?' என்று கேட்டுக்கொண்டே சமையலறையிலிருந்து அவள் ஒரு கை அள்ளிப் போட்டது கல்லுப்பு. உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிற வீட்டில் வேறு என்ன இருக்கும். ஆலன் தூவியது மாவு போல இருந்தது, நிறத்தை உறிஞ்சி நட்சத்திரம் நட்சத்திரமாக விட்டது. கல்லுப்பு இரண்டு நாள் ஆகியும் காயவில்லை, காற்றின் ஈரத்தை எல்லாம் இழுத்து வைத்துக்கொண்டு அழுதது, கடைசியில் கடல் டேப்பைத் தாண்டி மேசை விரிப்புக்கு வந்துவிட்டது. அமலம் விரிப்பைப் பிழிந்துகொண்டே, 'நெசக் கடலே இவ்வளவு தூரம் வந்ததில்ல' என்றாள். சிரிப்பு வந்தது. இப்போதும் வருகிறது. பிரஷ் ஆடுகிறது, சிரிக்கக் கூடாது, வரம்பு உடைந்துவிடும்.

கோடு. ஐந்தாவது கடலில்தான் கோடு வந்தது. கடலும் வானமும் சேரும் கோட்டைக் கையால் போட வேண்டும், ஸ்கேல் வைக்கக் கூடாது என்று ஆலன் சொல்லியிருந்தார். போட்டார். நடுவில் நெளிந்தது. ஸ்கேல் இல்லாத கை, நெளியத்தான் செய்யும், வாழ்நாள் முழுக்க ஊன்றுகோலோடு நடந்தவனிடம் ஓடச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது. ஆறாவதில் வெட்கத்தை விட்டு ஸ்கேலை எடுத்தார். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடும் நெளிந்தது. பிளாஸ்டிக் ஸ்கேல், ஜன்னல் ஓரம் வெயிலில் கிடந்து வளைந்திருக்கும். பீரோவிலிருந்து பழைய ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். அதற்கும் நெளிந்தது. அப்படியானால் தாள். ஈரம் பட்டால் தாள் உப்பி அலை அலையாக எழும், புதிதாகக் கற்கிறவர்கள் எல்லோருக்கும் நடப்பது, ஆலனே அதற்குத் தனியாக ஒரு வீடியோ போட்டிருக்கிறார். கனத்த தாள் வாங்க வேண்டும், முதலில் முழுவதும் நனைத்துப் பலகையில் இழுத்து டேப் ஒட்ட வேண்டும், காய்ந்தால் மேளத்தோல் போல விறைத்துவிடும். கனத்த தாள் வாங்கினார். இழுத்து ஒட்டினார். விரலால் தட்டினால் மேளம் போலவே சத்தம் வந்தது. கோடு நெளிந்தது. அகலமான டேப் வாங்கினார். பலகையை மாற்றினார். மேசையின் காலுக்கு அட்டை கொடுத்தார். இப்படியே புரட்டாசி போயிற்று, ஐப்பசி பாதி போயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடியோ இருந்தது, ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு காரணம் இருந்தது, எல்லாக் காரணமும் நியாயமாகவே இருந்தது. அமலத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். கையில் அகப்பையோடு வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள். 'ஒங்க கடலு நேராத்தான் இருக்கு. நீங்கதான் ஒரு மாதிரியா இருக்கீய.' அவளுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று அவர் முடிவு செய்தார்.

வரம்பு இப்போது பாதித் தாளுக்கு வந்துவிட்டது. நீலம் சீராக இறங்குகிறது. இவ்வளவு நன்றாக இதற்கு முன் இறங்கியதில்லை. சொல்லக் கூடாது. கீழே போகப் போக இன்னும் கொஞ்சம் அடர்த்தி வேண்டும், கரைக்குக் கிட்டே பச்சை கலக்க வேண்டும். இந்தக் கடலைத் தயாபரிக்கு அனுப்ப வேண்டும். வண்டி வருவதற்குள் காயாது, ஈரத்தோடு ஒரு போட்டோ எடுத்துப் போட்டுவிடலாம். தயாபரி இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், சாவகச்சேரியில். பார்த்ததில்லை. குரல் கேட்டதில்லை. பெயருக்குப் பக்கத்தில் அவள் வரைந்த பப்பாளிப்பழம் ஒன்று இருக்கும், அறுத்த பழம், கறுப்பு விதைகள், அவ்வளவுதான் அவள் முகம். தமிழில் நீர்வண்ணம் பழகுகிறவர்கள் சேர்ந்த ஒரு பேஸ்புக் குழு. அதில் அவர் எட்டாவது கடலைப் போட்டு, தாளின் நெளிவைப் போக்க வழி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். நெளிவே இல்லையே சார் என்று நாலைந்து பேர். ஸ்கேல் வைத்துப் போட்டுவிட்டுப் பெருமைக்குக் கேட்கிறீர்களா என்று ஓசூர்க்காரர் ஒருவர். கோபம் வந்தது. நெளிகிற இடத்தைப் போட்டோவில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார். வட்டத்துக்குள்ளும் நேராகத்தானே இருக்கிறது, கண்ணாடியை மாற்றுங்கள் பெரியவரே என்று ஓசூர்க்காரர் மறுபடியும். இருபது பேர் சிரித்திருந்தார்கள். குழுவை விட்டு விலகிவிடலாம் என்று பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தபோது பப்பாளி வந்தது. 'அண்ணா, குறை நினைக்காதேங்கோ. ஒருக்கா வலக் கண்ணைப் பொத்திப்போட்டு அந்தக் கோட்டைப் பாருங்கோ. பிறகு இடக் கண்ணைப் பொத்திப்போட்டுப் பாருங்கோ. ரெண்டும் ஒரே மாதிரியோ?' இதென்ன விளையாட்டு என்று பொத்திப் பார்த்தார். இடக் கண்ணைப் பொத்தியபோது கோடு நேராக இருந்தது, எட்டு கடல்களில் முதல் முறையாக நேராக இருந்தது, தன் கோடு, சுத்தமான கோடு. வலக் கண்ணைப் பொத்தினார். கோடு நடுவில் நொடித்துக்கொண்டு வளைந்தது. தலையைத் தூக்கினார். ஜன்னல் கம்பிகள் வளைந்தன. கதவு நிலை வளைந்தது. நிலையில் வந்து நின்ற அமலத்தின் முகத்தில் மூக்கு இருந்த இடம் கசங்கி இருந்தது. 'ஏன் அப்படிப் பாக்கீய?' என்றாள். 'வேகமா எழுதுங்கோ அண்ணா, என்ன தெரியுது?' என்று பப்பாளி. எழுதினார். 'எங்கட மாமிக்கும் இப்பிடித்தான். வாசல்படி கோணலெண்டு மேசனைக் கூப்பிட்டு இடிச்சுக் கட்டினவ. பிறகும் கோணலெண்டு சண்டை. அவவுக்குப் பிந்திப்போச்சு. நீங்கள் நாளைக்கே போங்கோ. கண்ணாடிக் கடைக்கில்லை, விழித்திரை பார்க்கிற டொக்டரிட்ட.'

மறுநாளே போனார். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. போகாமல் இருந்திருக்க எவ்வளவோ காரணங்கள் இருந்தன, மறுநாள் மழை, அமலத்தின் தங்கை வீட்டு விசேஷம், ஒரு பப்பாளிப்பழம் சொல்லியா ஆஸ்பத்திரிக்குப் போவது. டாக்டர் சின்ன வயதுப் பெண். விழித்திரைக்கு அடியில் புதிதாக ரத்தக்குழாய் முளைத்து, அதிலிருந்து தண்ணீர் கசிகிறது, அந்த ஈரத்தில் திரை உப்பி மேடாகிவிட்டது, அதனால்தான் நேரானது வளைந்து தெரிகிறது என்று கம்ப்யூட்டரில் காட்டினாள். கறுப்புப் படத்தில் ஒரு வெள்ளை மேடு. சந்தியாகு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஈரம் பட்டுத் தாள் உப்பிவிட்டது என்று இரண்டு மாதமாக அவர் சொல்லிக்கொண்டிருந்தது சரிதான். எந்தத் தாள் என்பதில்தான் பிசகு. 'இன்னும் முன்னாடியே வந்திருக்கலாமே சார்' என்றாள் டாக்டர். டேப் வாங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லவில்லை. 'எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நிறையப் பேருக்குத் தெரியவே தெரியாது, நல்ல கண்ணு சமாளிச்சுக்கும், அதுவும் கெட்ட பிறகுதான் வருவாங்க.' படம் வரைவேன் என்றார். ஆர்ட்டிஸ்டா என்றாள். இல்லை, வீடியோ பார்த்துப் பழகுகிறேன், கடல் மட்டும் என்றார். ஊசி கண்ணுக்குள்ளேயே போட வேண்டும் என்றதும் எழுந்து போய் அமலத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு பஸ் டிரைவர், ஓய்வு பெற்றவர், சங்கரன்கோவில் பக்கம். அவருக்கு அது ஆறாவது ஊசி. 'மொத தடவையா அண்ணாச்சி? ஒண்ணுமில்ல. கண்ணத் தொறந்துவச்சிட்டே தூங்குத மாதிரி நெனச்சிக்கிடுங்க. எனக்கு அது பழக்கம்.' அவர் பஸ் ஓட்டிய ஊர்களை எல்லாம் நினைத்து அமலம் சிலுவை போட்டுக்கொண்டாள். சந்தியாகு சிரித்துவிட்டார், சிரித்துக்கொண்டிருக்கும்போதே பெயரைக் கூப்பிட்டார்கள், சிரித்த முகத்தோடு உள்ளே போனார். அந்த டிரைவரின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது, மூன்றாவது ஊசிக்குப் போனபோதெல்லாம் பெஞ்ச் பெஞ்சாகத் தேடினார். எத்தனை பேர். ஸ்வெட்டர்க்காரர், பப்பாளி, டிரைவர். ஓசூர்க்காரரையும் சேர்க்க வேண்டும், அவர் சீண்டாவிட்டால் இவர் சிவப்பு வட்டம் போட்டிருக்க மாட்டார், வட்டம் போடாவிட்டால் தயாபரி கவனித்திருக்க மாட்டாள். குளியலறைக் குழாய்க்குக்கூட நன்றி சொல்ல வேண்டியிருக்கும், அது கசிந்துதான் கூடத்துச் சுவரில் ஓதம் ஏறியது. இப்படி ஒவ்வொன்றாகப் பின்னால் போனால் எங்கே நிற்பது. எங்கேயோ ஓர் இடத்தில் ஒன்று நடக்காமல் போயிருந்தால், இன்றைக்கு இதே மேசையில் புது டேப்போடு உட்கார்ந்திருப்பார், வலது கண்ணால் உலகத்தைப் பார்த்துக்கொண்டு, இடது கண்ணில் தண்ணீர் தேங்கத் தேங்க.

'ஏங்க, மணி என்ன ஆச்சு பாத்தியளா? குளிச்சாச்சா?' அமலம். ஆச்சு என்றார். குளிக்கவில்லை. 'பொய். துண்டு காஞ்சு கெடக்கு.' கரைக்கு வந்துவிட்டது, பச்சையைத் தொட்டுக் கலந்தார், இன்னும் இரண்டு இழுப்பு, தேங்கிய வரம்பைப் பிழிந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுத்தால் முடிந்தது. எடுத்தார். பிரஷ்ஷைக் கீழே வைத்தார். தாளில் ஒரு பூப்பும் இல்லை. மேலே வெறும் வெள்ளைத் தாள், அதுதான் வானம், தொடங்கிய இடம்தான் கோடு. பழைய பழக்கத்தில் இரண்டு கண்ணாலும் பார்த்தார். நேராக இருந்தது. இரண்டு கண்ணாலும் பார்த்தால் இப்போதெல்லாம் நேராகத்தான் இருக்கும், வலது கண் சமாளித்துக்கொள்ளும், டாக்டர் சொன்னது. பார்க்க வேண்டாம். இயந்திரம் சொல்லட்டும். அமலம் பின்னால் வந்து நின்றது தெரிந்தது, ஈரக் கையின் வாசனை, காப்பி. 'பாத்திரலாம்னு தோணுதா?' என்றாள். அவர் பிரஷ்ஷை எடுத்து மறுபடியும் தண்ணீரில் அலசினார். 'மூணு நாளா ரெண்டு கண்ணையும் முழிச்சி முழிச்சிப் பாத்துட்டுத் திரியுதிய. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பா? பாத்திருங்க. என்னன்னாலும் வண்டியில போம்போது நான் பக்கத்துலதான இருக்கேன்.' அவரால் கையைத் தூக்க முடியவில்லை. விரலெல்லாம் நீலம். அவளே முன்னால் வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையால் அவருடைய வலது கண்ணைப் பொத்தினாள்.

கோடு இடது ஓரத்திலிருந்து வந்தது. நேராக வந்தது. நடுவுக்கு வந்ததும் இல்லாமல் போனது, வளையவில்லை, காணவில்லை, அந்த இடத்தில் பயறளவுக்கு ஒரு சாம்பல் நிற மங்கல், அந்தப் பக்கம் மறுபடியும் தொடங்கி, நேராகவே, வலது ஓரம் வரைக்கும் போனது. ஜன்னலைப் பார்த்தார். கம்பிகள் நின்றன. கதவு நிலை நின்றது. மூச்சு எங்கேயோ நின்றிருந்தது, அதை விட்டார். 'என்ன?' என்றாள். நெளியல என்றார். 'நெளியலன்னா?' நெளியல அமலம், நடுவுல கொஞ்சம் காணோம், மத்தது நேரா இருக்கு. காணாமல் போனது வராது என்பது அவருக்குத் தெரியும், டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், தழும்பு நிற்கும், நீர் வற்றினால் அதற்கு மேல் போகாது. அந்தச் சாம்பல் மங்கலின் அளவு இரண்டு மாதம். அகலமான டேப்பும் கனத்த தாளும் மேசைக்கால் அட்டையும் சேர்ந்த அளவு. அவ்வளவுதான் போயிருக்கிறது. இவ்வளவு இருக்கிறது. கையை எடு, உன்னைப் பார்க்கிறேன் என்றார். அவள் எடுக்கவில்லை. 'இப்படியே பாருங்க' என்றாள். பார்த்தார். மூக்குத்தி இருக்கும் இடத்தில் மங்கல் விழுந்தது, கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினார், மூக்குத்தி வந்தது, புருவம் போனது, இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். இப்படி நகர்த்தி நகர்த்தி முழு முகத்தையும் பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. 'எவ்வளவு நேரம்யா பாப்பீய' என்றாள். தெருவில் வண்டி வந்து நின்று ஹார்ன் அடித்தது. குளிக்கவில்லை, சட்டை மாற்றவில்லை, போட்டோ எடுக்கவில்லை. தாள் ஈரமாகவே கிடந்தது. அமலம் ஜன்னல் வழியாக டிரைவரிடம், 'தம்பி, அஞ்சு நிமிசம், சார் கடலைக் கழுவிட்டு இருந்தாவ' என்று கத்தினாள்.

இடது கண்ணில் நீர் வற்றியிருப்பது அன்றைய பரிசோதனையில் உறுதியானது. 2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, சந்தியாகுவின் வலது கண்ணிலும் அதே நோய் தொடங்கியிருப்பது ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக் கோட்டைப் பார்த்ததில் தொடங்கிய வாரத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டு, அன்று மாலையே முதல் ஊசி போடப்பட்டது. அந்தக் கண்ணின் பார்வை குறையவில்லை.